மச்சாளுக்குச் சாட்சி

உலகப் பட்டம் வென்ற ஒரு குத்துச்சண்டைக்காரி எங்கள் வீட்டுக் குசினியில் சப்பாணி கட்டி இருந்து, உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுக ஒடியல் கூழ் குடித்திருக்கிறாள். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் நான் அளப்பதாக நினைக்கிறார்கள். அளக்கிற பழக்கம் எனக்கு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அளக்கத் தேவையே இருக்கவில்லை.

அவள் என் அப்பாவின் அக்காவுடைய ஒரே மகள். முறைக்கு எனக்கு மச்சாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பிறந்து, மூன்று வயதில் மாமியின் இடுப்பில் இருந்தபடி அவுஸ்திரேலியாவுக்குப் போனவள். போன இரண்டாம் வருடமே மாமா காலமாகிவிட்டார். மாமி பின்னேரங்களில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. அங்கே பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரக் கிழவரைக் கெஞ்சி, வேலை முடியும்வரை பிள்ளையை மூலையில் கிடந்த ஒரு மர வாங்கிலே இருக்க விடும்படி மாமி கேட்டுக்கொண்டார். பிள்ளை வாங்கில் இருந்து பாடம் படிக்கும் என்பது மாமியின் எண்ணம். பிள்ளை படித்தது வேறு பாடம். பத்து வருடம் கழித்து, பாண் வாங்க வந்த ஒருவர் பத்திரிகையைக் காட்டிக் கைகொடுத்து வாழ்த்தியபோதுதான் மாமிக்கு விஷயமே தெரிந்தது. படத்தில் மகள் யாரோ ஒருத்தியின் தாடையில் குத்திக்கொண்டிருந்தாள்.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாதை திறந்து, வெளிநாட்டுக்குப் போன சனம் வாடகை வான் பிடித்து ஊர் பார்க்க வந்தது. மாமியும் மச்சாளும் மூன்று கிழமை லீவில் வந்தார்கள். எனக்கு வயது ஒன்பது. வான் கதவைத் திறந்து இறங்கிய மச்சாளின் தோள்களைக் கண்டதும் அம்மா ஒரு எட்டுப் பின்னுக்கு வைத்தார். அப்பா மட்டும் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது வலை இழுக்கிற கையெல்லே பிள்ளை" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அப்பாவிடம் கிடையாது.

அவள் பேசிய தமிழ் இன்னொரு அதிசயம். மாமி ஊரைவிட்டுப் போனபோது கொண்டுபோன தமிழை அப்படியே மகளுக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் கைவிட்ட பழைய கடற்கரைச் சொற்களை எல்லாம் அவள் வெள்ளைக்கார நாக்கில் உருட்டிப் பேச, சந்தைக்கு வந்த கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

விடிந்ததும் அவள் ஓடுவாள். அவளுக்கு வழித்துணை நான். அப்பாவின் சைக்கிளின் தண்டுக்குக் கீழே கால் விட்டு மிதித்து, நான் பின்னால் மூச்சிரைக்க வருவேன். இறங்குதுறை வரை போய், காரைநகர்ப் படகுக்கு நிற்கிற சனத்தைக் கடந்து, கடற்கரை வழியே திரும்புவோம். சந்தியில் நின்ற நேவிக்காரன் முதல்நாள் துவக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறைத்து நின்றான். மூன்றாம் நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாம் நாள் சல்யூட் அடித்தான். அந்தச் சல்யூட்டில் பாதி எனக்குரியது என்று நான் நம்பினேன்.

திரும்பி வந்ததும் கடற்கரையில் அப்பாவின் மீன்வாடியில் வேலை தொடங்கும். உரப்பைக்குள் ஈரமணலும் கரையொதுங்கிய கடற்புல்லும் அடைத்து, வலை காயப்போடும் வளைமரத்தில் அப்பா கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவள் கைகளில் துணிப்பட்டி சுற்றுவதைப் பார்க்கவே எனக்குப் பக்தி வரும். பூசைக்கு முன் சுவாமியார் உடுப்பு அணிகிற அதே நிதானம். பிறகு குத்துவாள். முதல்நாள் பையைப் பிடித்துக்கொடுக்கப் போன அப்பா, நாற்பது வருடம் கடலோடு மல்லுக்கட்டிய அப்பா, பையோடு சேர்ந்து மணலில் உட்கார்ந்தார். வாடியிலிருந்த சனம் சிரிக்கக்கூட மறந்துபோனது. ஒரு பொம்பிளைப்பிள்ளையின் உடம்புக்குள் இவ்வளவும் இருக்குமா என்று நான் என் குச்சிக் கையை மடக்கிப் பார்த்தேன். பார்க்கும்படியாக ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து, வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் வீட்டில், ஜெனரேற்றர் போட்டு, அவளுடைய சண்டையின் வீடியோக் கசற்றை ஓடவிட்டார்கள். போன வருடம் நடந்த சண்டை. கூடத்தில் இருக்க இடமில்லாமல் யன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். மச்சாள் வாங்கின் இடது அந்தத்தில் போய் இருந்துகொண்டாள். அந்தோனியார் கோயிலிலும் அவள் அப்படித்தான், எல்லோரையும் தன் வலப்பக்கம் இருத்திவிட்டு இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைத்து நானும் கொஞ்சநாள் வகுப்பில் இடது ஓரத்தில் இருந்து பார்த்தேன்.

மூன்றாவது சுற்றில் எதிராளி அவளைக் கயிற்றோடு சாத்தி வைத்துக் குத்தத் தொடங்கினாள். அவ்வளவுதான், சம்மாட்டியாரின் மனைவி செபமாலையை எடுத்துவிட்டார். "அருள்நிறை மரியே" என்று கூடமே அதிர்ந்தது. இது போன வருடம் முடிந்த சண்டை, இப்போது செபித்து என்ன என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "முடிஞ்சால் என்ன, அந்தோனியாருக்கு முன்னுக்குப் பின்னுக்குத் தெரியாதோ?" என்று பதில் வந்தது. ஆறாவது சுற்றில் மச்சாளின் இடக்கண்ணில் ஒரு குத்து விழுந்தது. கசற்றில் விழுந்த குத்துக்குக் கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் கண்ணைப் பொத்தினார்கள். கண் வீங்கி மூடியபடியே அவள் விடாமல் நின்று, எட்டாவது சுற்றில் எதிராளியை விழுத்தினாள். அந்தோனியார் காப்பாற்றிவிட்டார் என்று ஊரே கட்டிப்பிடித்து அழுதது. மாமி மட்டும் எழும்பி வெளியே போனார்.

அன்று குசினியில் அம்மாவிடம் மாமி சொல்லி அழுததை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தக் கண்ணில் இன்னொரு தரம் அப்படி விழுந்தால் பார்வை போய்விடும் என்று ஒரு டொக்டர் சொல்லியிருந்தார். கண் சுகமாகிவிட்டது, வேறு டொக்டர் சோதித்துக் கடிதம் தந்துவிட்டார் என்று மச்சாள் சொல்கிறாளாம். உலகப் பட்டத்துக்கான சண்டை அவளுக்கு வாய்த்திருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அதற்காகத்தான் அவள் எழும்பினாள், படுத்தாள். "உவளை நம்புறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. அதுதான் அந்தோனியாரிட்டைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார் மாமி.

அதற்கொரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் வலை களவு போனால் பொலிசுக்குப் போகிறவர்கள் குறைவு. சந்தேகப்பட்டவனைச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய், அந்தோனியார் சொரூபத்தின் காலைத் தொட்டுச் சொல்லச் சொல்வார்கள். தொட்டுச் சொல்லிவிட்டால் அத்தோடு வழக்கு முடிந்தது. களவெடுத்தவன் தொடமாட்டான். பொய்ச்சத்தியம் செய்துவிட்டுக் கடலில் இறங்க எவனுக்கும் துணிவு கிடையாது. மாமி இருபத்துமூன்று வருடம் வெளிநாட்டில் இருந்தும் இந்த நீதிமன்றத்தை மட்டும் மறக்கவில்லை.

இனி என் வீரத்தைச் சொல்கிறேன். பின்னேரங்களில் மச்சாள் மணலில் ஒரு வட்டம் கீறி, நடுவில் நிற்பாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். யாராவது அவளைத் தொட்டால் வெற்றி. வள்ளக்காரப் பெடியள் வரிசையாக நேரே முன்னால் வந்து பார்த்தார்கள். அவள் இடுப்பை ஒரு சாண் அசைப்பாள், பெடியன் காற்றைத் தொட்டுக்கொண்டு மணலில் கவிழ்வான். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு மயிர் கூச்செறியும். ஓடுகிற மீனைக்கூடக் கையால் பிடிப்பேன் என்று பீற்றுகிறவர்கள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் அம்மா கொடுத்த தேத்தண்ணியோடு நான் அவளுடைய இடப்பக்கமாகப் போனேன். மிகக் கிட்டப் போயும் அவள் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் துள்ளியதில் தேத்தண்ணி முழுக்க மணலுக்குப் போனது. "தொட்டிட்டன்! தொட்டிட்டன்!" என்று நான் குதித்தேன். அடுத்தநாளும் இடப்பக்கத்தால் போனேன், தொட்டேன். அதற்கடுத்த நாளும். பெடியளுக்குக் கிடைக்காத சூட்சுமம் எனக்குக் கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் மச்சாள் முழங்காலில் இருந்து, என் இரண்டு தோளையும் பிடித்து, முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதை, என்ன? சொன்னால் எல்லாரும் என்னைத் தொட்டுப்போடுவினம்."

சொல்வேனா நான்? இப்படியொரு தொழில் ரகசியத்தை ஊருக்கு அவிழ்த்துவிட எனக்கென்ன விசரா? நாளுக்கு ஒரு தடவை, ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவளைத் தொட்டுவிட்டு ஓடினேன். சின்னப்பிள்ளை என்று எனக்கு விட்டுத்தருகிறாளோ என்றொரு சந்தேகம் இருந்தது. அதனால் மதிப்புக் கொஞ்சம் குறைந்தாலும் வெற்றி வெற்றிதானே.

பயணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சனம் கலைந்தபின் மாமி மகளைச் சொரூபத்தின் முன்னால் நிறுத்தினார்.

"கண் சுகமெண்டு அந்தோனியாரின்ரை காலைத் தொட்டுச் சொல்லு. சொன்னியெண்டால் நான் மறிக்கமாட்டன். போய் விளையாடு."

மச்சாள் சொரூபத்தைப் பார்த்தாள். உரப்பையை ஆட்டிவைக்கும் அந்தக் கை மெல்ல நீண்டது. சொரூபத்தின் காலுக்கும் விரலுக்கும் இடையில் நாலு விரல்கடை இருக்கும்போது நின்றுவிட்டது. அதை நான் பார்த்தேன். மாமியும் பார்த்தார். மாமியின் முகம் கறுத்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

எனக்குத் தாங்கவில்லை. மச்சாளின் வாழ்நாள் ஆசை நாலு விரல்கடையில் நிற்கிறது, பெரியவர்கள் மரம்போல் நிற்கிறார்கள். கண் தெரியாதவர் என்றால் எனக்குத் தெரிந்தது கோயில் வாசலில் தடியோடு இருக்கிற ஒரு கிழவர்தான். மச்சாளோ கடற்கரையில் பாறைக்குப் பாறை பாய்கிறாள், ஊசியில் நூல் கோக்கிறாள், நேவிக்காரனுக்குத் தூரத்திலேயே கைகாட்டுகிறாள். இதில் என்ன சந்தேகம்?

"நான் சொல்லுறன் மாமி!" என்று முன்னே பாய்ந்து, சொரூபத்தின் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்தேன். "மச்சாளுக்கு ரெண்டு கண்ணும் வடிவாத் தெரியும். அந்தோனியாராணை. நான்தானே நாள் முழுக்க அவவோடை நிக்கிறனான்!"

மாமி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மெல்ல மெல்ல இளகியது. "குழந்தைப்பிள்ளை சாமிக்கு முன்னாலை பொய் சொல்லாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என் நெற்றியில் கொஞ்சினார். ஒரு கட்டு மெழுகுதிரியையும் கொளுத்தி வைத்தார். மச்சாள் என்னைத் தூக்கி அணைத்தாள். என் விலா எலும்பு நோகும்படியான அணைப்பு. அவளுடைய நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. காதுக்குள் இங்கிலிஷில் "சொறி" என்றாள். வெளிநாட்டுச் சனம் தும்மினாலும் சொறி சொல்லும் என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவள் உலகப் பட்டத்தை வென்றாள். செய்தி ஊர்காவற்றுறைத் தொலைபேசிக் கடைக்கு வந்தது, கடைக்காரர் சைக்கிளில் வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா வாடியில் இருந்த எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுத்தார். படம் தபாலில் வந்தது. இடுப்பில் தங்கநிறப் பட்டி, மேலே தூக்கிய கை, வீங்கிய முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கிய சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் படத்தைக் காட்டி, அந்தோனியாரிடம் சாட்சி சொல்லி இவளை அனுப்பிவைத்தவளே நான்தான் என்று அளந்தேன். அது அளப்பே இல்லை.

அதன்பிறகு ஒருநாள் பின்னேரம் மாமியின் தொலைபேசி அழைப்புக்காக அப்பா கடைக்குப் புறப்பட, நானும் தொற்றிக்கொண்டேன். அப்பா வெகுநேரம் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். சண்டைக்குப் பிறகு மச்சாள் கதவுநிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறாளாம், கேட்டால் ஒன்றும் சொல்கிறாள் இல்லையாம் என்று, வெளியே கேட்ட மாமியின் குரலில் இருந்து எனக்கு விளங்கியது. "அந்தச் சண்டையிலை பட்டதாயிருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு அப்பா தொலைபேசியை என்னிடம் தந்தார்.

மாமி ரகசியம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டார். "பிள்ளை, அங்கை நிக்கேக்கை அவளுக்கு இடப்பக்கம் தெரிஞ்சதோ? யோசிச்சுச் சொல்லு."

பட்டம் வென்றாயிற்று, இனி ரகசியம் எதற்கு? நான் பெருமை பொங்கச் சொன்னேன்: "இல்லை மாமி, இடப்பக்கத்தாலை போனால் அவவுக்கு ஒண்டும் தெரியாது! நான் ஒவ்வொரு நாளும் போய்த் தொட்டனான். பெடியள் ஒருத்தருக்கும் ஏலாமல் போச்சு, நான் ஒருத்திதான் வெண்டனான்!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று "அலோ, அலோ" என்றேன். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மாமி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்ற சந்தோசத்தில், தேத்தண்ணி கொட்டிய முதல் நாளிலிருந்து ஒவ்வொரு தடவையாக விவரிக்கத் தொடங்கினேன். ஐந்தாவது தடவையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா என் கையிலிருந்து தொலைபேசியை மெல்ல வாங்கி வைத்துவிட்டார். மிச்ச வெற்றிகளை மாமி கேட்காமல் போனாரே என்று வீடு வரும்வரை அப்பாவோடு கோபித்துக்கொண்டு, சைக்கிள் பாரில் முகத்தைத் திருப்பியபடி வந்தேன்.