ஜெபவேளையில் கலாதேவி

மலேசியாவின் ஈப்போவிலுள்ள ஒரு கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கையாளும் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் மூத்த செவிலியர் கலாதேவி. செமோரில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய வீடுகளில் ஒன்றில் வசிக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் கல்லுமலை முருகனைக் கும்பிடத் தவறாதவர். ஆனால் அறுவைக்கூடத்தில் மட்டும் கண்களை மூடமாட்டார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, பச்சைத் துணிகளை விரித்தபின், கத்தியை எடுக்குமுன் அனைவரும் தலைகுனிந்து ஜெபிப்பார்கள்.

"எல்லாரும் கண்ண மூடுறோம், நீ மட்டும் போலீஸ் மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிற. சாமி கோவிச்சுக்க மாட்டாரா?" என்று அறுவை மருத்துவர் டாக்டர் ஜோன் சீண்டுவார்.

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு டாக்டர். எல்லாரும் கண்ண மூடுனா சாமான யாருலா பாக்குறது?"

அன்று கருவி மேசையருகே நின்றவள் லகாட்டைச் சேர்ந்த மாணவி ஆட்ரி. அது அவளுடைய இறுதித் தேர்வு. இரண்டாவது வாய்ப்பும் அதுவே. முதல் தேர்வில், பயிற்சிக்கூடத்தில், அவளுடைய கிருமிநீக்கிய கையுறை நாற்காலியில் உரசிவிட்டது. அதை அவள் சொல்லவில்லை. கலாதேவி அவளைத் தோல்வியுறச் செய்தது கை பட்டதற்காக அன்று, மறைத்ததற்காக. இம்முறையும் மறைத்தால் அவள் படிப்பைவிட்டு வெளியேற வேண்டும். அதை இருவரும் அறிவார்கள்.

அறுவை மேசையில் கிடந்தவர் பாகான் செராயிலிருந்து வந்த ஜெய்னம்பு. பித்தப்பையில் கல்.

டாக்டர் ஜோன் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாக் கண்களும் மூடின. "பிதா, சுதன்" என்று அவர் முடிக்கும்போது, சிறுவயது முதல் பழகிய ஆட்ரியின் வலக்கை தானாக உயர்ந்தது. நெற்றி, மார்பு, இரு தோள்கள். விரல் நுனிகள் தொப்பியின் விளிம்புக்குக் கீழே வெறும் தோலில் பட்டன. அடுத்த கணம் இரு கைகளும் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"ஆமென்."

கண்கள் திறந்தன. ஒருவரும் பார்க்கவில்லை, கலாதேவியைத் தவிர.

உடனே சொல்லிவிடலாம். சொன்னால் நோயாளிக்குத் தீங்கில்லை. ஆனால் ஆட்ரி தானாகச் சொல்லியிருப்பாளா என்பது ஒருபோதும் தெரியாது. அவள் கை கருவிகளை நெருங்கும்வரை காத்திருப்பது, அதற்குமேல் ஒரு கணமும் இல்லை என்று கலாதேவி தீர்மானித்தார். "நிறுத்து" என்ற சொல் நாக்கில் தயாராக நின்றது.

"கத்தி," என்றார் டாக்டர் ஜோன், உள்ளங்கையை நீட்டி.

ஆட்ரி அசையவில்லை.

"கத்தி, ஆட்ரி. தூங்கிட்டியா?"

அவளுடைய வலக்கை மேசையை நோக்கி நகர்ந்தது. கலாதேவி வாயைத் திறந்தார். கை அந்தரத்தில் நின்றது. பின் மெல்லப் பின்வாங்கி மார்புக்கு முன் உயர்ந்தது.

"டாக்டர், கொஞ்சம் இருங்க. சிலுவை போட்டுட்டேன். கை நெத்தியில பட்டுருச்சு. ரெண்டு கிளவ்வும் மாத்தணும்."

டாக்டர் ஜோன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "மாத்துலா. ஜெய்னம்பு அக்கா எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க."

கலாதேவி அவளை மேசையிலிருந்து விலக்கி நிறுத்தி, கையுறைகளை உருவி எடுத்தார். பிறகு புதிய கையுறைகளின் உறையைப் பிரித்து அவள்முன் நீட்டினார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கை கழுவும் இடத்தில் ஆட்ரி முகக்கவசத்தை இறக்கினாள்.

"சிஸ்டர், நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"கை இன்னும் கொஞ்சம் கிட்ட போயிருந்தா கத்தியிருப்பேன். இந்தத் தடவ பாஸ். ஆனா இனிமே ரெண்டு கையையும் கோத்துப் புடிச்சுக்க. சிலுவைய மனசுக்குள்ள போடு."

ஆட்ரி அழுகையினூடே சிரித்தாள். "எனக்காக நீங்க கொஞ்சம் சாமி கும்பிட்டிருக்கலாம் சிஸ்டர்."

"கும்பிட்டேன்," என்றார் கலாதேவி, குழாயை முழங்கையால் மூடியபடி. "கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான்."