பீச்சாங்கைக் கஞ்சி

கரியமாணிக்கத்துத் தனக்கொடி ஒற்றைக் கையால் நாற்று நட்டாள். கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆண்களுக்குச் சமமாகக் கரும்புக் கட்டு கட்டினாள். தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். அண்ணன் சம்மந்தம் ஐந்தாவதோடு மூடிவைத்த புத்தகத்தைப் பார்த்து, அடுப்புக்கரியால் சுவரில் எழுதியே எழுத்துப் படித்தாள். ஆனால் அவள் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கியதில்லை.

1946ல், அவளுடைய பத்தாவது வயதில், கரும்பாலை உருளை வலது கையை இழுத்துக்கொண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த வெள்ளைக்கார டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது தன் இடது கையை நீட்டி அவளுடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு அது மரியாதை. அம்மா கலியம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னா மனுசன்டா இவன், பச்சப் புள்ளகிட்ட பீச்சாங்கைய நீட்றான்" என்று சம்மந்தத்திடம் வழியெல்லாம் புலம்பினாள். அன்று முதல் மகள் தண்ணீர் கொண்டுவந்தால், "கீழ வெய்டி" என்பாள். வைத்த பிறகு எடுத்துக் குடிப்பாள்.

பன்னிரண்டு வருஷம் அப்படித்தான். ஐம்பத்தெட்டில் அம்மா படுத்தாள். கையைத் தூக்க முடியவில்லை. தனக்கொடி வழக்கம்போலக் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"வெச்சிட்டு நின்னா எப்பிடிடி? ஊட்டு."

"பீச்சாங்கைம்மா."

"தெரியாதா எனக்கு? நாந்தான பெத்தேன்."

மூன்று மாதம் அந்தக் கையால்தான் கஞ்சி.

அம்மா போன அன்று தனக்கொடி அரிசியை அள்ளிக்கொண்டு வாய்க்கரிசி போட வந்தாள். அத்தை தையலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போறவளுக்குப் பீச்சாங்கையாலயா போடுவ? கொட்டுடி மொறத்துல."

தனக்கொடி அண்ணனைப் பார்த்தாள். ஊரே சுற்றி நின்றது. சம்மந்தம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அரிசியை முறத்தில் கொட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

மறுநாள் சம்மந்தம் பால் தெளித்துவிட்டு, சாவைப் பதியக் கொம்யூன் ஆபீசுக்கு அவளையும் கூட்டிப்போனான். எழுத்தர் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி போடும்ங்க" என்றான்.

"ரேகையா?"

"கையெழுத்துங்க."

தனக்கொடி அவன் காதோரம், "நீயே போட்டுடேன்ணா" என்றாள்.

"நேத்து நான் வாயத் தொறக்கல. இதயாவது அம்மாவுக்கு உங்கையால பண்ணு."

எழுத்தர் பேனாவை நீட்டினார். இடது கையில் வாங்கி, கோணல்மாணலாக எழுதி முடித்தாள். அவர் மையை ஒற்றி எடுத்தார்.

தனக்கொடி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 1958, செப்டம்பர் 17, புதன்கிழமை.