துணிக்கொடியும் பிள்ளைக்கொடியும்

என் ஓரகத்தி மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது வைத்துப் பார்க்கலாமே என்று முயன்றிருக்கிறேன். ஒட்டவில்லை. அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு காசிமேட்டுக் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே மூன்று வருஷத்து மருமகள். வந்த மாதமே வீடு அவள் வீடாகிவிட்டது. எல்லாம் அந்தத் தொண்டை செய்த வேலை. யாரைப் போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். மீன் ஏலம் விடுகிறவர், ரேஷன் கடைக்காரர், எங்கள் மாமியார். மாமியார் குரலில் அவள் ஒரு அதட்டல் போட்டால் என் கொழுந்தன் பாதிச் சோற்றில் எழுந்து நிற்பான். மாமியாரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் அந்த வீட்டில் மீன் கழுவினேன், தண்ணீர் சுமந்தேன். யாரும் என்னைப் பார்த்து ஒரு பல்லைக் காட்டியதில்லை.

அதெல்லாம் சில்லறை எரிச்சல். பெரியது பிள்ளை விஷயத்தில் வந்தது.

யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் தீராத காலம். எனக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். ஆண் பிள்ளை. வெளியே வந்தவுடன் தொப்புள்கொடியை அறுத்து, ஜன்னலோர மேஜைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குறைமாதப் பிள்ளை, மூச்சு ஒழுங்காக வரவில்லை. பதற்றத்தில் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கைகளுக்கு நடுவே வெளுத்துப்போன ஒரு சின்னப் பாதம் தெரிந்தது. நான் என் மகனைப் பார்த்தது அவ்வளவுதான். மறுநாள் என் வீட்டுக்காரர் அவனைத் துணியில் சுற்றி மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு எடுத்துப்போனார்.

அடுத்த வருஷம் ஓரகத்திக்கும் அதே ஏழாம் மாதத்தில் வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமே இல்லை. குப்பத்து மருத்துவச்சி வந்து உட்காரவும் பிள்ளை வழுக்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுற்றுவதற்கான உலர்ந்த துணியெல்லாம் பின்கட்டில் கொடியில் கிடக்க, மாமியாரும் நானும் எடுக்க ஓடினோம். அந்தக் கொடி எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. அதை வைத்துத் தினமும் சண்டை. பக்கத்து வீட்டுக்காரி தன் புடவை நனைகிறதே என்று மறுமுனையில் கயிற்றையே அவிழ்க்கப் போனாள்.

மாமியார் கத்தினாள்: “கொடிமேல எவளும் கைய வெக்காதே! நான் வந்துகினே கீறேன்! நான் வர்ற வரிக்கும் தொட்டே, கைய ஒடிப்பேன்!”

உள்ளே பிளேடைக் கையில் எடுத்திருந்த மருத்துவச்சிக்கு அது கேட்டது. எந்தக் கொடி என்று அவள் ஏன் யோசிக்கப்போகிறாள்? குப்பமே பயப்படும் குரல். பிளேடைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தாயின் தொடை ஓரம் பழைய சேலையில் பொதிந்து வைத்துக்கொண்டு, பேசாமல் குந்தியிருந்தாள். சண்டையை முடித்து, துணிகளை உருவிக்கொண்டு நாங்கள் உள்ளே வந்தபோது கொடி துடிப்பு அடங்கித் துவண்டு வெளுத்திருந்தது. பிள்ளை சிவந்திருந்தது. சிவந்து, கத்திக்கொண்டிருந்தது.

“இப்ப அறுக்கட்டுமா?” என்றாள் மருத்துவச்சி.

“பின்ன, ஊறுகாயா போடப் போறே?” என்றாள் மாமியார்.

சில வாரம் கழித்து அந்தப் பிள்ளையைத் தர்ம ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் காட்ட நானும் கூடப் போனேன். மாமியார் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். பிறகு சொன்னார்: “அதுவும் நல்லதுக்குத்தாம்மா. கொடி துடிக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ரத்தம் போய்க்கிட்டு இருக்கும். குறைமாசப் பிள்ளைக்கு அது பெரிய பலம். அதனாலதான் பொழைச்சுதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கெடுதல் இல்லே.”

ஓரகத்திக்கு ஒருத்தி தப்பாகக் காதில் வாங்கியதில் ஒரு பிள்ளை கிடைத்தது. என் விஷயத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகக் கேட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளை என் தோளில் தூங்கியது. அதன் சிவந்த காலைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கு மறுபடி தங்கியதும் ஒரே ஒரு வேண்டுதல்தான். முன்னாடியே வந்தாலும் வரட்டும், அந்தக் கொடியை மட்டும் சட்டென்று அறுத்துவிடக் கூடாது. வந்தது முன்னாடிதான், எட்டாம் மாதம் தொடங்கும்போதே. தெருவெல்லாம் மழைத் தண்ணீர், ரிக்‌ஷா கிடைக்கவில்லை. மாமியார் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஓரகத்திதான் நனைந்துகொண்டே ஓடி அதே மருத்துவச்சியைக் கூட்டிவந்துவிட்டு, வெந்நீர் வைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

வலிக்கு நடுவே மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொடிய உடனே அறுக்காதே, கொஞ்சம் பொறு” என்றேன்.

அவள் முகம் கறுத்தது. “இன்னாடி, அந்தக் கொடிக் கதையா? கெய்வி துணிக்குக் கத்துனா, நான் பிளேட வெச்சிட்டுக் குந்திகினு இருந்தேன்னு குப்பமே கைகொட்டிச் சிரிச்சுது. இந்த தபா எவ பேச்சும் கேக்க மாட்டேன். நீ சும்மா படு.”

பிள்ளை வந்தது. பெண். அழவில்லை. மருத்துவச்சி நூலை எடுத்துக் கட்டப் போனாள். எனக்கு எழவும் முடியவில்லை, கத்தவும் மூச்சில்லை. அந்த வெளுத்த பாதம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது பின்கட்டிலிருந்து மாமியார் குரல் இடிபோல வந்தது: “கொடிமேல கைய வெக்காதே! துணிக்கொடி இல்லடி, பிள்ளக்கொடி! அறுத்தே, அந்த பிளேடாலயே உன் காத அறுப்பேன்!”

மருத்துவச்சியின் கை அப்படியே நின்றது. நூல் கீழே விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையை என் தொடையோரம் வைத்துத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாள். கொடி துடித்துக்கொண்டிருந்தது; எனக்கே தெரிந்தது. பிள்ளை ஒரு தரம் விக்கியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி அழுதது. பிறகு பூனைக்குட்டி மாதிரி இல்லை, நன்றாகவே அழுதது. கொடி மெல்ல அடங்கியது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் என் ஓரகத்தி.

மருத்துவச்சி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “கெய்வி எங்கடி?”

“மார்க்கெட்ல கீது” என்றாள் ஓரகத்தி, தன் சொந்தக் குரலில். பிறகு என்னிடம் குனிந்து, “பொண்ணு, அக்கா. நல்லா செவந்து கீது” என்றாள்.

நான் அழுதேன். நன்றியில்தான் அழுதேன். ஆனால் இதையும் அவளிடமிருந்துதானே வாங்க வேண்டியிருந்தது என்ற எரிச்சலும் அதிலே பாதி இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் குரலை வேண்டுமானாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். “அப்படியே சித்தி!” என்று எல்லோரும் சொல்வார்கள். சித்தி வாசலில் வரும்போது நான் உள்ளே உட்கார்ந்து முணுமுணுப்பேனே, அதையும் செய்து காட்டுவாள். கொஞ்சமும் பிசகாது. முதலில் சிரிப்பவள் என் ஓரகத்திதான்.