அப்பாவின் வயிற்றில் இறங்கிய கஞ்சி

அப்பா சாப்பாட்டை விட்டபோது நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது. பிறை என்ற ஊரில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அம்மா போன பிறகு ஜார்ஜ் டவுனில் என்னோடு இருக்கிறார். முதலில் வெள்ளிக்கிழமை விரதம் என்றார், பிறகு சஷ்டி, கிருத்திகை. போன ஆடி முழுவதும் பாலும் பழமும்தான். கோயிலில் நானே பீற்றிக்கொண்டேன். "எங்கப்பாவப் பாருங்கக்கா, இந்த வயசுல என்ன வைராக்கியம்!"

வைராக்கியமும் இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. தின்றதெல்லாம் வாந்தியாக வர, ஆஸ்பத்திரிக்குப் பயந்து முருகன் பெயரைச் சொல்லி மறைத்திருக்கிறார். ஒரு நாள் காலை குளியலறையில் மயங்கி விழுந்தார். வாளியில் கறுப்பாக வாந்தி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாக ஸ்கோப் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புற்றுநோய். உணவு குடலுக்கு இறங்கும் வழியைக் கட்டி அடைத்திருந்தது. பிறையிலிருந்து ஓடி வந்த என் அண்ணன், "வெட்டி எடுத்துருங்க டாக்டர்" என்று அழுதார். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. "வயசு மட்டும் பிரச்சனை இல்ல அங்கிள். ஹார்ட் ரொம்ப வீக். அந்த ஆப்பரேஷன தாங்க மாட்டாரு. கீமோவும் கஷ்டம்லா" என்றார்.

நான் கொஞ்சம் வாய்க்காரி. சாமியிடமும் அப்படித்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், கட்டி காணாமல் போக வேண்டும் என்று முருகனுக்கு உத்தரவே போட்டேன். அடுத்து எடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்கும் போயிருந்தது. அன்று வீட்டில் விளக்கேற்றவில்லை. "உனக்குக் கண் இல்லையா?" என்று படத்தைப் பார்த்துத் திட்டினேன்.

அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மூக்கில் குழாய், கையில் டிரிப். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சோறு தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பசிக்குதும்மா" என்றார்.

அதைவிடக் கொடுமையான சொல்லை நான் கேட்டதில்லை. கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். பால்குடம், மொட்டை எதுவும் வாயில் வரவில்லை. "முருகா, எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள். பசியோடு எடுக்காதே." அவ்வளவுதான் கேட்டேன்.

மேலே போனால் டாக்டர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். "ஹார்ட் கொஞ்சம் நிலைக்கு வந்திருக்கு ஆன்ட்டி. கட்டிய எடுக்க முடியாது. ஆனா வயித்த வெட்டாம, வாய் வழியா கம்பிவலைக் குழாய் வச்சு அடைப்பத் தொறக்கலாம். ரிஸ்க் இருக்கு. தாத்தா சரின்னு சொல்லணும்."

அதுவரை யாருமே அப்பாவைக் கேட்கவில்லை. "கஞ்சி எறங்குமா?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் இறங்கும் என்றதும் தலையாட்டினார்.

குழாய் சரியாகப் பொருந்தியது. சில நாளில் வடிகட்டிய கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். வாந்தி எடுப்பார் என்று பாத்திரத்தோடு காத்திருந்தேன். எடுக்கவில்லை. முருகா, இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்!

நோய் போகவில்லை. இன்னும் சில மாதங்கள்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் விளக்கேற்றுகிறேன், உத்தரவு போடுவதில்லை. அன்பர்களே, கேட்டது கிடைக்காமல் முருகனோடு கோபித்துக்கொண்டு யாராவது இருந்தால், அந்தக் கோபத்தோடேயே போய் நில்லுங்கள். கேட்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும். அதைக் கேளுங்கள்.

இன்று காலை அப்பா கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உப்பு பத்தலம்மா. இதெல்லாம் ஒரு கஞ்சியா?" வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். உப்பை எடுக்க ஓடினேன்.