நான்காம் ஜன்னல் அக்கா

“கருப்பா போகுதா?”

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும் இந்தக் கேள்வி, வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். கேட்கப்பட்ட கர்ப்பிணி தலையைக் குனிந்துகொள்வாள். துணைக்கு வந்த கணவன் அவசரமாகக் கூரையைப் பார்ப்பான். மகப்பேறு மருத்துவமனையின் நான்காம் ஜன்னலில் மருந்து கொடுக்கும் அக்காவுக்குக் கூச்சநாச்சம் கிடையாது. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் மலம் கறுக்கும். “வாய் ஆயிரம் சொல்லும்மா. எனக்கு வயித்தோட வாக்குமூலம்தான் வேணும்.”

கொண்டையில் ஒரு பேனா, காதோரம் இன்னொன்று. மாத்திரை உறைகளில் பகலுக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்துதான் தருவார். இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் ஒரே உறையில் போடவே மாட்டார். “ரெண்டும் சண்டைக்காரங்க. ஒரே நேரத்துல விட்டா ஒண்ணு இன்னொண்ணை உள்ள சேர விடாது. டீ இருக்கே, அது சண்டையை மூட்டிவிடுற ஆளு. பக்கத்துலயே சேர்க்காத.”

போன வருடம் தையல்காரப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் பிரசவத்தில் ரத்த அழுத்தம் எகிறி, ஏழாம் மாதமே வயிற்றைக் கிழித்து எடுத்த பையன், நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவன். இப்போது இரண்டாவது, ஐந்தாம் மாதம்.

“எல்லாம் போட்டுக்கறேன்க்கா.”

“கருப்பா போகுதா?”

“இல்லக்கா, எப்பவும்போல நல்லாத்தான் போகுது” என்றாள் பெருமையாக.

அக்கா ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்து, அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. முதல் வாரமே கறுப்பைப் பார்த்து, உள்ளே ரத்தம் கசிகிறதென்று நடுங்கி நிறுத்திவிட்டாள். சுண்ணாம்புச்சத்தால் குழந்தையின் எலும்பு கெட்டியாகி, அது பெரிதாகி மறுபடி கத்தி வைப்பார்கள் என்று யாரோ சொல்ல, அந்த மாத்திரையும் நின்றது.

“அந்தச் சின்ன மாத்திரை?”

“கடுகு மாதிரி இருக்கேன்னு அதையும் விட்டுட்டேன். அது என்னக்கா பண்ணிடப் போகுது?”

“அந்தக் கடுகுதான்டி உனக்கு பிரஷர் ஏறாம காவல் நிக்கணும்னு டாக்டர் எழுதினது!” என்றார் அக்கா. பிறகு குரல் இறங்கியது. “எனக்கும் மாத்திரைன்னா உசிரு போயிடும். வாழைப்பழத்துல ஒளிச்சு வெச்சு என்னை நானே ஏமாத்திக்கறேன். பயமா இருந்தா இங்க வந்து பயப்படு. தனியா உக்காந்து பயப்படாத.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே தையல்காரி சிரித்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து நேரே டாக்டரிடம் கூட்டிப்போனார். அழுத்தம் சற்று ஏறியிருந்தது, கைமீறிப் போகவில்லை. மாத்திரைகள் மறுபடி தொடங்கின.

அதன்பின் திங்கட்கிழமைதோறும் தையல்கூடத்துக்கு அக்காவின் போன் போகும். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல், “கருப்புதான்க்கா!” என்று தையல்காரி கத்துவாள். கூடமே குலுங்கிச் சிரிக்கும்.

கடைசி நாட்களில் அழுத்தம் கொஞ்சம் தலைகாட்டியது. டாக்டர் குறித்த நாள்வரை காத்திருக்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

ஒரு காலையில் தையல்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றே வந்தாள். “பாருங்கக்கா, உங்க வேலை.”

“என் வேலையா? நீ முழுங்கினது!” என்றபடி அக்கா ஜன்னல் இடுக்கில் இடக்கையை நீட்டினார். குழந்தை ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டது.

“அக்கா, நேரமாகுது” என்றது வரிசை.

விரலை அங்கேயே விட்டுவிட்டு, அக்கா வலக்கையால் அடுத்த மருந்துச் சீட்டை வாங்கினார்.