வலைக்கு நேரே நீட்டிய லென்ஸ்

பூநாரைகள் ஏரியில் இறங்கியதைப் பார்த்ததும் ஜூம் லென்ஸ் வாங்கும் ஆசை பிறந்தது. முதலில் சோதிக்கலாம் என்று மீஞ்சூர் ஸ்டூடியோவில் நீளமான லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிவந்து, பழவேற்காட்டுக் கரையிலிருந்து குறிபார்த்தேன்.

பறவைகளுக்குப் பின்னால் வலை போட்டவர்களைக் கவனிக்கவில்லை. முறைவைத்து மீன்பிடிப்பதை இங்கே பாடு என்பார்கள். அன்றைய பாடு யாருக்கு என்று இரு குப்பங்களுக்குள் தகராறு. படகுக்காரர் ஒருவர் வந்து கேமராவோடு லென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னா நைனா, எங்க பாடு நடக்கிறதப் படம்புடிச்சிப் பஞ்சாயத்துல காட்டவா?”

“பறவைதாண்ணே!”

“குருவிக்கு இம்மாம் பெரிய குழாயா? ஏரியில கடாசிடுவேன்!”

கெஞ்சி அவரையே பார்க்கவைத்தேன். “பறவைதான் கீது. ஆனா ஒரே ஆட்டமா ஆடுதே?” என்றார். லென்ஸின் கனத்தை என் கையும் தாங்காமல் படம் ஆடியதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்கு லென்ஸைக் காட்டிவிட்டே படமெடுக்கிறேன். அடுத்து, சின்ன ஜூம் ஒன்றோடு அவர் படகிலேயே பறவைகளை நெருங்கப்போகிறேன். சம்மதித்துவிட்டார், ஆனால் பறவை வரும்வரை கேமரா அவர் மடியில்தான் இருக்குமாம்.