கட்டைவிரல் அசையும்வரை

அன்றைக்குக் காலையிலேயே எனக்கு அலுப்பாக இருந்தது. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட மயிலாப்பூர் தெருக்களைச் சுற்றிக்கொண்டு அடையாறு மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. பல வருஷமாக நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது.

முதலில் குடல்வால் அறுவை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண், முப்பது வயதிருக்கும். வலி தாங்காமல் கணவரோடு ஆட்டோவில் வந்திருந்தாள்.

தூங்க வைத்ததும், தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி ஒன்று போட்டேன். மூளை இடும் கட்டளை நரம்பின் நுனியில் ஒரு ரசாயனமாகக் கசிந்து தசையில் போய் ஒட்டும். அது ஒட்ட வேண்டிய இடத்தை இந்த மருந்து பிடித்துக்கொள்ளும். உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடும், பிறகு எல்லாம் துவண்டுவிடும். மூச்சைக்கூட நாங்கள்தான் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி சில நிமிடங்களிலேயே மருந்தைச் சிதைத்துவிடும். தசைகளுக்கு மறுபடி உயிர் வரும்.

அவளுக்கு வரவில்லை. தையல் போட்டு முடித்த பிறகும் வரவில்லை. மணிக்கட்டு நரம்பில் லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் துள்ள வேண்டும். சும்மா கிடந்தது. அந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. தூக்கம் கலையாமல் மூச்சு கொடுத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வெளியே போய்க் கணவரிடம் சொன்னேன்.

"ஆப்ரேசன் முடிஞ்சிச்சின்னாங்க. அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் மெசின்ல கீது?"

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு மருந்து சீக்கிரமே இறங்கணும், இவங்க உடம்புல இறங்க மாட்டேங்குது. தானா இறங்கிடும், நேரமாகும்."

"அசைய முடியாம கெடக்கறா, சரி. உள்ள முழிச்சிக்கினு கீறாளா?"

இந்தத் தொழிலில் எனக்கும் அந்தப் பயம்தான். "இல்லப்பா. தூக்கத்துக்கு வேற மருந்து ஓடுது. அசைவு வர்ற வரைக்கும் அதை நிறுத்த மாட்டேன். பக்கத்துலயே இருக்கேன்."

என் மற்ற கேஸ்களை வேறொருவர் பார்த்துக்கொண்டார். கண் உலராதபடி இமைகளை ஒட்டிவிட்டு, அவள் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வப்போது கட்டைவிரலைச் சோதிப்பதும் மானிட்டர் திரையைப் பார்ப்பதுமாக மதியம் கழிந்தது. காத்திருப்பது நின்று வேலை செய்வதைவிட அசதி. சாயங்காலம் விரல் மெல்லத் துடித்தது. அப்புறமும் அவசரப்படவில்லை. நல்ல பலம் வந்து, தானாக மூச்சு விடத் தொடங்கிய பிறகுதான் தூக்க மருந்தை நிறுத்திக் குழாயை எடுத்தேன்.

"தொண்ட எரியுது," என்றாள்.

மறுநாள் நடந்ததைச் சொல்லி, இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றேன். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா கர்ப்பப்பை ஆப்ரேசனுக்குப் போச்சு. மயக்கம் தெளியவே இல்லன்னாங்க. அப்பிடியே பூடுச்சி. அதுவும் இதானா டாக்டர்?"

"தெரியலம்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப சொல்ல வழியில்ல."

அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால்தான் அங்கிருந்து எழுந்துகொள்ள முடியவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை, நிறைமாதம். அந்த வாரமே கூட்டிவந்தார்கள். பரிசோதனையில் அவளுக்கும் நொதி குறைவாகவே இருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த மருந்து ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன்.

"பேர மெதுவா சொல்லுங்க டாக்டர்," என்றாள் அக்கா.

சக்சினில்கோலின் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அக்காவும் தங்கையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வாய்க்கு வரும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.